மாதக் கட்டணத்தில் தையல் குழு: எந்தத் தளத்தில் தொடங்கலாம்?

ஊசிநூல், உப்புவெளி | ஞாயிறு இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில், உப்புவெளியில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், 14 வருடமாகிறது. 2020இல் ஊரடங்கு நேரம் சும்மா இருக்கிறோமே என்று சாறி பிளவுஸ் வெட்டுவது பற்றி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். இன்று அதில் 212 பேர். மூதூர், தோப்பூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். கனடா, லண்டனிலும் கொஞ்சப் பேர்.

காலையில் அடுப்படியில் நிற்கும்போதே தொடங்கிவிடும். "அக்கா, கைக்குழி இழுக்குது", "அக்கா, பின்கழுத்து தூக்கிக்கொண்டு நிக்குது" என்று படம் படமாக வரும். தைப்பதை அப்படியே வைத்துவிட்டுப் பதில் போடுவேன். போன மாதம் கணக்குப் பார்த்தேன். பதில் எழுதிய நேரத்துக்கு எட்டு பிளவுஸ் தைத்திருக்கலாம்.

அதனால் ஒரு மாதக் கட்டணம் வைத்து ஒழுங்காக நடத்துவோம் என்று யோசிக்கிறேன். மகன் தனி இணையத்தளமும் செயலியும் வேண்டும் என்கிறான். ஒருவரிடம் விசாரித்தேன், 2,80,000 ரூபாவும் மூன்று மாதமும் ஆகும் என்றார். அந்தக் காசுக்கு நல்ல மெசின் வாங்கிப் போடலாம். கெதியாக, அதிகம் சிக்கல் இல்லாமல் தொடங்க எந்தத் தளம் நல்லது?

சேவர்க்காரன், சீனன்குடா | ஞாயிறு இரவு 9.42

அக்கா, கொடுக்காதீர்கள். நான் அந்த வேலையைச் செய்து கையைச் சுட்டவன்.

உயர்தர (ஏ/எல்) வகுப்பு மாணவருக்குக் கட்டணக் களம் ஒன்று தொடங்கினேன். இணையக் களம் நடத்த டிஸ்கோர்ஸ் என்று திறமூல மென்பொருள் இருக்கிறது, இலவசம், உண்மையிலேயே நல்ல பொருள். ஆனால் அதை வைக்க ஒரு சேவர், எந்நேரமும் இணையத்தில் ஓடுகிற கணினி, வாடகைக்கு எடுக்க வேண்டும். குறைந்தது 1 ஜிபி நினைவகம் கேட்கும், 2 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. பிறகு இணைய முகவரி வாங்க வேண்டும், மின்னஞ்சல் போக ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த மின்னஞ்சலோடுதான் மூன்று கிழமை மல்லுக்கட்டினேன். உறுதிப்படுத்தல் கடிதம் எல்லாம் பிள்ளைகளின் குப்பைப் பெட்டிக்குள் போய் விழுந்தது. நிறம் மாற்றினேன், சின்னம் கீறுவித்தேன், பதக்கம், தரவரிசை எல்லாம் வைத்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது 11 பேர் சேர்ந்தார்கள். அதில் நாலு பேர் என் மச்சான்மார்.

பிழை மென்பொருளில் இல்லை. ஒருவரிடமாவது "இதற்கு மாதம் இவ்வளவு தருவீர்களா" என்று நான் கேட்கவே இல்லை. உங்களிடம் 212 பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். நாளைக்கே கேட்கலாம். பத்துப் பேரின் காசு கணக்கில் விழும் வரைக்கும் எதையும் கட்டாதீர்கள்.

நாலாம்கட்டை | ஞாயிறு இரவு 10.05

212 பேரில் ஐந்து பேர் கட்டினால் ஆச்சரியம். பிளவுஸ் வெட்டுவது யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, தமிழிலேயே. சும்மா கிடைப்பதற்கு எவர் காசு கொடுப்பார்? நம்முடைய சனம் டேட்டாவுக்கே கணக்குப் பார்க்கிற சனம்.

மூதூர்ப்பிள்ளை | ஞாயிறு இரவு 10.31

நான் அக்காவின் குழுவில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நான் கட்டுவேன்.

யூடியூபில் பார்த்துத்தான் முதலில் பழகினேன். அந்த வீடியோவில் இருக்கிற பெண்ணுக்கு அளவு 36, தோள் சரியாக நிற்கும். என் அம்மாவுக்கு ஒரு தோள் இறக்கம். வீடியோவிடம் அதைக் கேட்க முடியுமா? அக்காவிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் மட்டும் கால் அங்குலம் இறக்கி வெட்டு, கைக்குழியையும் அதே அளவு இறக்கு" என்றா. முடிந்தது.

ஆனால் தளம் பற்றி இரண்டு விசயம் கேளுங்கள். ஒன்று, இங்கே பாதிப் பேர் போடுவது வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் மட்டும் ஓடுகிற மாதப் பொதி. தனி இணையத்தளம் வைத்தால் அந்தப் பொதியில் திறக்காது, வேறு டேட்டா போட வேண்டும். செயலி வைத்தால் எங்கள் போன்களில் அதற்கு இடமும் இல்லை.

இரண்டு, வாட்ஸ்அப் குழுவில் எங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரிகிறது. போன வருடம் ஒருவன் பெண் பெயரில் உள்ளே வந்து இரவில் அழைப்பெடுத்துத் தொல்லை கொடுத்தான். நானும் இன்னும் மூன்று பேரும் நம்பரே மாற்றினோம். அக்காவுக்கு அது தெரியாது, சொல்ல வெட்கமாக இருந்தது.

ஊசிநூல், உப்புவெளி | ஞாயிறு இரவு 10.48

தங்கச்சி, இதை ஏன் அப்போதே சொல்லவில்லை. நெஞ்சு பதறுது. அப்படியென்றால் புதிய குழுவுக்கு வாட்ஸ்அப் வேண்டாம், முடிவு.

சேவர்க்காரன், சீனன்குடா | ஞாயிறு இரவு 11.20

மூதூர்த் தங்கச்சி சொன்னதோடு தளக் கேள்வி முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பேஸ்புக்கில் தனிப்பட்ட குழு, தேடலில் தெரியாதபடி மறைத்தது. நம்பர் ஒருவருக்கும் தெரியாது. சேர வருபவரிடம் மூன்று கேள்வி வரை கேட்கலாம், பதிலைப் பார்த்து நீங்கள்தான் உள்ளே விட வேண்டும். படம் போடலாம், அதன் கீழேயே பதில் சேரும், ஆறு மாதம் கழித்தும் "கைக்குழி" என்று தேடினால் வரும். வாட்ஸ்அப்பில் போன கிழமைப் பதிலே கிணற்றில் போட்ட கல்.

டெலிகிராமிலும் நம்பரை மறைக்கலாம், ஆனால் அது புதிதாக இன்னொரு செயலி. 212 பேருக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே தனி வகுப்பு. வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் நம்பர் மற்றவர்களுக்கு மறைந்திருக்கும், ஆனால் அது நோட்டீஸ் பலகை மாதிரி. நீங்கள் பேசலாம், அவர்கள் தங்களுக்குள் கதைப்பது கஷ்டம்.

ஸ்கூல் (Skool) என்று கட்டணக் குழு நடத்துகிற ஒரு தளத்தை இப்போது எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். மாதம் 99 டொலர், ஏறத்தாழ 30,000 ரூபா. 9 டொலர்த் திட்டமும் உண்டு, அதில் வருகிற காசில் 10 வீதம் வெட்டுவார்கள். வசதிகள் அருமை. உப்புவெளியில் 20 பேரோடு தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை.

டியூசன்சேர் | திங்கள் காலை 6.15

நாலாம்கட்டைத் தம்பி கேட்ட கேள்விக்கு என் தொழிலில் இருந்து பதில் சொல்கிறேன். நான் வகுப்பில் சொல்வது முழுவதும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. அப்படியும் மத்திய வீதியைச் சுற்றி எத்தனை தனியார் வகுப்பு? பிள்ளை பாடத்துக்காக மட்டும் வருவதில்லை. தன் விடைத்தாளை ஒருவர் சிவப்புப் பேனையால் திருத்த வேண்டும், பக்கத்தில் இருக்கிறவன் எத்தனை மார்க்ஸ் என்று தெரிய வேண்டும், செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் போயே ஆக வேண்டும். அதற்குத்தான் காசு.

ஆகவே தங்கச்சி, வீடியோவை விற்காதீர்கள். வீடியோ வெளியே போகும். ஒருத்தி இறக்கித் தமக்கைக்கு அனுப்புவா, நிறுத்தவே முடியாது. திருத்தத்தை விற்றுப் பாருங்கள். ஒருத்தியின் பிளவுசுக்குச் சொன்ன திருத்தம் வெளியே போனால் போகட்டும், அது இன்னொருத்திக்கு அப்படியே பொருந்தாது. "படம் போட்டால் ஒரு நாளைக்குள் பதில், ஞாயிறு ஒரு நேரலை." இவ்வளவுதான் பொருள். பத்து விதமான சலுகை எழுதி வைத்தால் பத்தையும் மாதாமாதம் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

கட்டணம் 750 வையுங்கள். பிளவுஸ் ஒன்று தைக்கக் கொடுக்கிற கூலிக்குக் கீழே இருக்க வேண்டும், அப்போது "ஒன்றை நானே தைத்தால் காசு வந்துவிட்டது" என்று அவர்களுக்கே கணக்கு வரும். அப்புறம் ப்ரீ காட். வசதி இல்லாத பிள்ளைக்குக் காசு வாங்காமல் இடம் கொடுப்போமே, அது மாதிரி இரண்டு மூன்று இடம் ஒதுக்கி வையுங்கள். ஆர் ப்ரீ காட் என்று மற்றவருக்குத் தெரியக்கூடாது.

நாலாம்கட்டை | திங்கள் காலை 8.02

சரி சேர், கருத்து விளங்குது. ஆனால் ஐந்து வருடம் சும்மா கொடுத்துவிட்டு இப்போது காசு கேட்டால் "பார், பணத்தாசை பிடிச்சிட்டுது" என்று சொல்ல மாட்டார்களா? திருமலை சின்ன ஊர்.

ஊசிநூல், உப்புவெளி | திங்கள் பகல் 1.30

அந்தப் பயம்தான் எனக்கும். மீன் சந்தையில் காண்கிற முகங்கள்.

கத்தரிக்கோல், கிண்ணியா | திங்கள் பகல் 2.11

அக்கா, பழைய குழுவை மூட வேண்டாம். அப்படியே இருக்கட்டும், நீங்கள் மட்டும் அதில் கிழமைக்கு ஒரு குறிப்புப் போடுங்கள். தனிப்பட்ட திருத்தம் வேண்டியவர் புதிய குழுவுக்கு வரட்டும். கொடுத்ததைப் பறித்தால்தான் சனம் கோபிக்கும். புதிதாக ஒன்றைக் கூடுதலாக வைத்தால் கோபிக்க என்ன இருக்கிறது? உங்கள் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த எட்டு பிளவுஸ் கணக்கைச் சொல்லுங்கள். நான் வாசித்தபோது எனக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது, நானும் அந்த எட்டில் ஒரு பிளவுசைத் தின்றவள்தானே.

ஸ்கார்பரோக்காரி | திங்கள் மாலை 6.40

நான் உவர்மலையில் பிறந்தவள், இப்போது கனடாவில். இங்கே ஒரு சாறி பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் சாறியின் விலை வருகிறது. கட்டாயம் சேருவேன். பேபாலில் அனுப்பட்டா அக்கா?

பேஹியர்_தெரிந்தவன் | திங்கள் இரவு 7.25

இலங்கையில் இருந்து பேபாலில் காசு கட்டலாம், வாங்க முடியாது. கனகாலமாக இதே கதைதான். அட்டைக் காசு வாங்கித் தருகிற ஸ்ட்ரைப் கணக்கும் இங்கிருந்து நேரடியாகத் திறக்க வழியில்லை. அதனால் அமெரிக்காவில் எழுதப்பட்ட "ஒரு மணித்தியாலத்தில் அங்கத்துவத் தளம்" கட்டுரைகளைப் பார்த்துத் தொடங்கினால் கடைசிப் படியில் வந்து முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

வெளிநாட்டு அங்கத்தவர் நிறையச் சேர்ந்தால் மாதச் சந்தா வாங்கித் தருகிற பேட்ரியன் தளத்தைப் பார்க்கலாம். அவர்கள் பயோனியர் என்கிற பணப் பரிமாற்றச் சேவை வழியாக இங்கே அனுப்புவார்கள். 2025 ஓகஸ்டுக்குப் பிறகு தொடங்குகிற பக்கங்களுக்கு 10 வீதம் கட்டணம், காசு மாற்றுகிற செலவு வேறு. உள்ளூரில் பேஹியர் என்கிற இணையக் கட்டணச் சேவை இருக்கிறது, அட்டையில் மாதாமாதம் தானாகக் கழிக்கிற வசதியும் உண்டு. அதற்கு ஆவணங்கள் கேட்பார்கள், வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து வைத்தால் லேசு. அது ஆறு மாதம் கழித்துச் செய்கிற வேலை. முதலில் வங்கிக் கணக்கு ஒன்று போதும்.

ஸ்கார்பரோ அக்கா, உவர்மலையில் அம்மா அல்லது தங்கச்சி இருந்தால் அவர்களையே மாதாமாதம் போடச் சொல்லுங்கள். அதைவிட லேசான வழி இல்லை.

ஸ்கார்பரோக்காரி | திங்கள் இரவு 8.03

அம்மா இருக்கிறா. ஆனால் 750 ரூபாவுக்கு அவ வங்கிக்குப் போய் வரிசையில் நிற்க மாட்டா, ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டலாமா?

சில்லறைக்கணக்கு, மட்டிக்களி | திங்கள் இரவு 9.15

வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளே, காசு வாங்குவது லேசு, யாருடைய காசு என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மூதூர்ப் பெண் கட்டுவா, கணக்கில் கணவரின் பெயர் வரும். இன்னொருத்தியின் காசு தம்பியின் கணக்கில் இருந்து வரும். இருபது பேர் ஒரே நாளில் 750 போட்டால் தலை சுற்றும்.

ஆகவே ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒரு இலக்கம். இலக்கம் 7 என்றால் அவ போட வேண்டியது 750 ரூபா 07 சதம். 12 என்றால் 750.12. வங்கிச் செயலியில் சதம் வரைக்கும் போடலாம். கணக்கைத் திறந்து பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கத்தரிக்கோல், கிண்ணியா | திங்கள் இரவு 9.31

ஐயா, நல்ல யோசனை, ஆனால் நாங்கள் வங்கியின் பண வைப்பு இயந்திரத்தில் போடுகிற ஆக்கள். அது தாள்தான் எடுக்கும், சதத்துக்கு எங்கே போவது?

சில்லறைக்கணக்கு, மட்டிக்களி | திங்கள் இரவு 9.50

உண்மைதான் மகள், அதை மறந்துவிட்டேன். இயந்திரத்தில் போடுகிறவர்கள் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து 1,500 போடட்டும். ஸ்லிப்பில் பேனையால் இலக்கத்தை எழுதி உடனே படம் எடுத்து அனுப்புங்கள், அந்தத் தாள் கொஞ்ச நாளில் வெளிறிப்போகும்.

இன்னொன்று, எல்லோருக்கும். ஸ்லிப் படத்தை நம்பி உள்ளே விட வேண்டாம். படத்தில் திகதி மாற்ற இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அனுமதி. குழுவுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுச் செலவோடு கலந்தால் மூன்றாம் மாதமே கணக்கு தெரியாது. வருமான வரியை நினைத்து இப்போது பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு இருக்கிறது. தையல் வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதனால் கொப்பியில் எழுதி வையுங்கள்.

கனடாப் பிள்ளை ஆறு மாதத்துக்குக் கட்டுவது பற்றி: மூன்று மாதத்துக்கு மேல் முற்பணம் வாங்க வேண்டாம். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் திருப்பிக் கொடுக்கக் கையில் காசு இருக்காது. சீட்டுப் பிடித்த குடும்பங்களுக்கு இது தெரியும்.

ஊசிநூல், உப்புவெளி | செவ்வாய் அதிகாலை 5.20

நித்திரை வரவில்லை. எல்லாவற்றையும் வாசித்துவிட்டு பழைய குழுவில் இப்படிப் போட்டிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"அன்பான எல்லோருக்கும். இந்தக் குழு இப்படியே இருக்கும். வருகிற முதலாம் திகதியில் இருந்து திருத்தத்துக்குத் தனிக் குழு தொடங்குகிறேன். நீங்கள் வெட்டியதை, தைத்ததைப் படம் போட்டால் ஒரு நாளைக்குள் பதில் தருவேன். ஞாயிறு இரவு 7.30க்கு நேரலை. மாதம் 750 ரூபா. முதல் மாதம் 20 பேர் மட்டும். பத்துப் பேர் சேராவிட்டால் தொடங்க மாட்டேன், கட்டியவருக்குக் காசு திரும்பும்."

டியூசன்சேர் | செவ்வாய் காலை 6.05

ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

ஸ்கார்பரோக்காரி | செவ்வாய் காலை 7.12

7.30 நல்ல நேரம் அக்கா, எங்களுக்குக் காலை 10 மணி, குளிர்காலத்தில் 9. லண்டனில் பிற்பகல். சிட்னிக்காரர்தான் பாவம், அவர்களுக்கு நடுச்சாமம்.

(நான்கு கிழமைகளுக்குப் பிறகு)

ஊசிநூல், உப்புவெளி | வெள்ளி இரவு 10.15

சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது, அதனால் வந்தேன். "நான் வாறன்" என்றவர்கள் 31 பேர். காசு கட்டியவர்கள் 17. ப்ரீ காட் இரண்டு. ஆக 19 பேரோடு நடக்கிறது. 12,750 ரூபாவும் சில்லறைச் சதங்களும். செலவு ஒன்றுமில்லை, ஒரு போன் தாங்கி வாங்கினேன்.

முதல் நேரலை கூத்து. ஜூமில் வைத்தேன், 40 நிமிடத்தில் மூடிக்கொண்டது, இலவசக் கணக்கென்றால் அப்படித்தானாம். சரியாக டார்ட் மடிப்புப் பிடிக்கிற இடம். எல்லோரும் திரும்பி வரப் பத்து நிமிடம். அடுத்த கிழமை பேஸ்புக் குழுவுக்குள்ளேயே நேரலை போட்டேன், பொதியிலும் ஓடுகிறது, அந்த 40 நிமிட எல்லையும் இல்லை. மகன் பதிவை இறக்கி வைக்கிறான். 2025இல் இருந்து பேஸ்புக் நேரலைப் பதிவுகளை 30 நாளில் அழிக்கிறதாம், இறக்காவிட்டால் போச்சு.

ஐயா சொன்ன மாதிரியே ஒரு பழைய ஸ்லிப் திகதி மாற்றி வந்தது. கணக்கில் காசு இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, "இன்னும் விழவில்லை தங்கச்சி" என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாளில் உண்மையான காசு வந்தது. ஆரென்று கேட்காதீர்கள்.

எனக்கு இப்போது இருக்கிற ஒரே பிரச்சினை, அடுத்த மாதம் கட்டாதவரை எப்படி நீக்குவது?

நாலாம்கட்டை | வெள்ளி இரவு 10.40

17ஆ! சரி, நான் ஐந்து என்றேன். தோற்றுவிட்டேன்.

நீக்குவது பற்றி: கட்டாதவரை வைத்திருந்தால் கட்டுகிறவருக்கு அநியாயம். எட்டாம் திகதி நீக்குங்கள்.

டியூசன்சேர் | சனி காலை 6.20

தம்பி சொல்வது சரி, ஆனால் முறை இருக்கிறது. ஐந்தாம் திகதி பொதுவாக ஒரு நினைவூட்டல், பெயர் சொல்லாமல். எட்டாம் திகதி தனியே ஒரு வரி: "இந்த மாதம் இடைவெளி எடுக்கிறீர்கள் போல, திரும்ப வரும்போது அதே இலக்கம் உங்களுக்குத்தான்." பிறகு நீக்குங்கள். இடைவெளி என்று சொன்னால் சந்தையில் முகம் திருப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது மாதம்தான் சோதனை. முதல் மாதம் புதுமை, இரண்டாவது மாதம் மரியாதை. அதற்குப் பிறகு தங்கள் கையால் ஒன்றைத் தைத்து முடித்தவர்தான் நிற்பார். ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே ஒரு பிளவுஸ் முடிக்கிற மாதிரிப் பாருங்கள். படம் போடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவரை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

சேவர்க்காரன், சீனன்குடா | சனி காலை 9.00

அக்கா, ஆவணி வந்தால் கலியாணத் தையல் குவியுமே, அப்போது ஒரு நாளைக்குள் பதில் போட முடியுமா?

ஊசிநூல், உப்புவெளி | சனி இரவு 9.30

அதை நானும் நினைத்துப் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் போன புதன் எனக்குக் காய்ச்சல், முழு நாளும் படுத்துவிட்டேன். இரவு எழும்பிக் குழுவைத் திறந்தால் ஆறு படம், ஆறுக்கும் கீழே பதில் இருக்கிறது. மூதூர்ப்பிள்ளை போட்டிருக்கிறா. ஐந்து சரி. ஒன்றில் மட்டும் தையல் விளிம்புக்கு விடுகிற துணியைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தா, அதைத் திருத்தினேன்.

இவவிடம் காசு வாங்குவது முறையில்லை என்று இந்த மாதம் அவ கட்டிய 750ஐத் திருப்பி அனுப்பினேன். ஒரு மணித்தியாலம் கழித்துக் கணக்கில் மறுபடி விழுந்து கிடக்கிறது, 750.03.